வேணுகோபாலின் வீம்பு

"என் வயித்துல கத்தி வைக்க விடமாட்டேம்மா. அவ்ளோதான்."

வேணுகோபால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டார். டாக்டர் ஸிந்துஜாவுக்குச் சலிப்பாக இருந்தது. போன வாரமும் மனிதர் இதே பாட்டைத்தான் பாடிவிட்டுப் போனார்.

"உக்காருங்க ஐயா. உங்களுக்குத் தொப்புள்கிட்ட வயித்துச் சதை விட்டுப்போயிருக்கு. அந்த ஓட்டை வழியாக் குடல் வெளியே பிதுங்குது. இப்போ படுத்தா உள்ளே போயிடுது. என்னைக்காவது வெளியவே மாட்டிக்கிட்டா, ரத்தம் ஓடாம அழுகிடும். உயிருக்கே ஆபத்து."

"பெல்ட்டு போட்டுக்கினு இருக்கிறேன்."

"பெல்ட் போட்டா ஓட்டை மூடாது. தைச்சு, அங்கே வலைத்துணி வெச்சாத்தான் நிக்கும்."

"வயித்துக்குள்ள துணியா? பட்டா, பாலியஸ்டரா?"

பக்கத்தில் நின்ற மனைவி தையல்நாயகிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "கிண்டல் இன்னாங்க வேண்டிக்கெடக்குது? நேத்து தறிக்குழியில வலியில சுருண்டு கெடந்தாரும்மா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

வேணுகோபால் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஆபரேஷன் ஆனப்புறம் நெய்யலாமா?"

"கொஞ்ச மாசத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. தறிப்பக்கமே போகாதீங்க."

"நல்ல கதையா இருக்குதே. ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை தறியில ஏறிட்டிருக்குது. முதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் நெய்யறேன்" என்றாள் தையல்நாயகி. "பாவு நூல் சுத்துன உருளையையும் நானே தூக்கித் தறியில ஏத்திக்கிறேன். நீங்க நிம்மதியாப் படுங்க."

"அதுதான் வேணாங்கிறேன்."

ஸிந்துஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு ஆள்!

"ஏன், பொண்டாட்டி உங்க தறியில உக்காந்தா கௌரவம் குறைஞ்சிடுமா?"

"ஆமா. கொறஞ்சிடும்னே வெச்சுக்கோங்க."

"பாத்தீங்களாம்மா? இந்த ஆம்பள வீம்பு என் தாலிக்கே உலை வைக்கப் பாக்குது." தையல்நாயகி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இவரு சரின்னு சொல்ற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

வேணுகோபால் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"சரி, நான் ஒத்துக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி இவளை அந்தக் கட்டில்ல படுக்க வெச்சு, இருமச் சொல்லுங்க டாக்டர்."

தையல்நாயகியின் முகம் வெளுத்தது. "எனக்கு இன்னா? நான் நல்லாத்தான் இருக்கிறேன்."

ஒன்றும் புரியாமல் ஸிந்துஜா அவளைப் படுக்க வைத்துத் திரையை இழுத்து மூடினாள். புடவைக்குள் பழைய வேட்டித் துணி ஒன்று வயிற்றை இறுக்கிச் சுற்றியிருந்தது. அதை அவிழ்த்து இருமச் சொன்னதும், சிசேரியன் தழும்பின் மேல் வேணுகோபாலுடையதைவிடப் பெரிய வீக்கம் ஒன்று பிதுங்கி எழுந்தது.

"சின்னவன் பொறந்ததிலிருந்து இப்படித்தாம்மா, துணியக் கட்டிக்கினு பாவு தூக்கறா" என்றார் திரைக்கு வெளியே வேணுகோபால். "அவளுக்குன்னு கூப்பிட்டா வரமாட்டா, அதான் எனக்குன்னு கூட்டியாந்தேன். ரெண்டு கட்டிலாப் போடுங்க டாக்டர், முகூர்த்தப் புடவைய முதலாளியே வந்து நெய்யட்டும்."