பெயர் வெளியிடப்படவில்லை

"கேட்டீங்களா மாமா, பன்னியோட கிட்னிய எடுத்து ஒரு மனுஷ ஜென்மத்துக்கு வெச்சிருக்கானுங்க!"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தம்பி ஆரம்பித்துவிட்டான். ஏ.சி. விற்கும் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை அவனுக்கு. அக்கா வீட்டைத் தாண்டிப் போனால்கூட வண்டியை நிறுத்த மாட்டான். இன்று என்னவோ அதிசயமாக வாசலில் வந்து நின்றான்.

உலகத்தின் எந்த மூலையில் எதைக் கண்டுபிடித்தாலும் அதைப் பற்றி அவனிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். குடும்பத்தில் அவனுக்கு 'விஞ்ஞானி' என்றே பெயர்.

"வா மாப்ளே. முதல்ல சோப்புப் போட்டுக் கைய நல்லாக் கழுவிடு" என்றார் அக்காவின் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இன்று வேலைக்குப் போகவில்லை. முகத்தில் மாஸ்க் இருந்தது.

"இதென்ன மாமா வேஷம்?"

"லேசா ஜலதோஷம்."

"மாஸ்க்கெல்லாம் சும்மா ஏமாத்து வேலை மாமா. நான் ஒரு கட்டுரை படிச்சேன்..."

"கைய கழுவிட்டு வந்து சொல்லு மாப்ளே."

அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "வாடா. வழி தெரிஞ்சுதா இன்னிக்கு?"

"நீ என்னக்கா இப்படி இளைச்சுட்டே? டயட்டா? யூடியூப் பார்த்துட்டுப் பட்டினி கிடக்கிறதெல்லாம் வேஸ்ட்டு. இப்பத்தான் அதைப் பத்தி ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு."

"அது கெடக்கட்டும். உள்ள வரும்போதே என்னவோ சொன்னியே, என்ன அது?"

கணவர் டீ போடச் சமையலறைக்குள் போனார். தம்பி உற்சாகமாகச் செல்போனை எடுத்துச் சத்தமாகப் படித்தான். பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர் நலமாக வீடு திரும்பினார். பெயர் வெளியிடப்படவில்லை.

"எப்படி வெளியிடுவான்? வெளிய தெரிஞ்சா அந்த ஆளு தெருவுல தலை காட்ட முடியுமா? நாளைக்கே சேத்தைப் பார்த்தா இறங்கி உருளணும்னு தோணுமே!"

தன் ஜோக்குக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தான்.

சமையலறையில் ஏதோ பாத்திரம் தடாலென்று விழுந்தது.

"என்னாச்சு மாமா?"

"கை தவறியிருக்கும்" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை. "ஏண்டா, அவ்வளவு கேவலமா அது?"

"கேவலம்னு இல்லக்கா, ஒரு அருவருப்பு. நீயே சொல்லு, அந்த ஆளு கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிப்பியா? என்னைக் கொன்னாலும் நான் குடிக்க மாட்டேன். இப்படி ஒரு உயிரைப் பிடிச்சு வெச்சுக்கறதுக்குப் பேசாம போய்ச் சேர்ந்துடலாம்."

"போய்ச் சேர்ந்துடலாமா?"

கேட்டது கணவர். சமையலறை வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்தார். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்ணும் சிவந்திருந்தன.

"சொல்றது சுலபம் மாப்ளே. வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல படுத்துக்கிட்டு, உடம்புல இருக்கிற ரத்தமெல்லாம் குழாய் வழியா வெளிய போய்ட்டு வர்றதைப் பார்த்திருக்கியா? இன்னும் கொஞ்ச நாள்தான்னு டாக்டர் கைய விரிச்சப்புறம் பன்னி என்ன, பாம்பு என்ன? எது கொடுத்தாலும் வாங்கிக்கத்தான் தோணும்."

தம்பி செல்போனைக் கீழே வைத்தான்.

மாஸ்க்கைப் பார்த்தான். மாமா வேலைக்குப் போகாததை நினைத்துப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"மாமா... அப்படின்னா... நீங்களா?"

அவர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஐயோ, தெரியாம என்னென்னவோ உளறிட்டேன் மாமா! என்னைச் செருப்பாலயே அடிங்க." தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். சற்று நேரத்தில் அந்த வெட்கம் அப்படியே கோபமாக மாறியது.

"உங்களுக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்களே மாமா, கல்லு மாதிரி! ஒருத்தனுக்காவது கொடுக்கணும்னு தோணலையா? ஒரு கிட்னிய கொடுத்தா குறைஞ்சா போயிடுவாங்க? நான் எத்தனை செய்தி படிச்சிருக்கேன், ஒண்ணை வெச்சுக்கிட்டே எல்லாரும் நல்லா வாழறாங்க. கூடப் பொறந்தவங்க இருக்கும்போது பன்னிகிட்டப் போய்க் கையேந்த வெச்சுட்டாங்களே, அவங்கெல்லாம் மனுஷங்களா?"

அக்காவின் பக்கம் திரும்பினான்.

"நீயாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். நிமிர முடியாமல், வயிற்றின் வலப்பக்கம் ஒரு கையை அழுத்திக்கொண்டு, அப்படியே நின்றாள்.

"சொன்னோமேடா. 'அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு, என்னோடது பொருந்தல, தம்பி வந்து ஒரு டெஸ்ட் எடுத்துக்கிட்டா போதும்'னு நம்ம குடும்ப குரூப்ல மாமாதான் எழுதினாரு. அதுக்கு நேர் கீழேயே நீ, செவ்வாய் கிரகத்துல தண்ணி இருக்குன்னு ஒரு செய்தி போட்டே."