பதக்கத்தின் ஓரம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுக்கு மூத்தவரான வேதகிரி, அவர் தம்பி சஞ்சீவி, தம்பி மனைவி தனகோடி, பிறகு ஓய்வுபெற்ற சுபேதார் ஞானப்பிரகாசம். தாமாகவே பெயர் கொடுத்துக் கடல் தாண்டிப் போருக்குப் போன காலாட்படையின் வரலாற்றைச் சுபேதார் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் கையிலிருந்த பட்டியலில் வேதகிரியின் அப்பா பெயர் இல்லை. கப்பலேறாமல் துறைமுகத்திலிருந்தே திரும்பிவிட்டதாகப் பழைய பதிவு சொல்கிறதாம். வந்தவன் பெயரைச் சேர்க்க வந்தவனா, அழிக்க வந்தவனா என்று வேதகிரி அளந்துகொண்டிருந்தார்.

“பதக்கத்தைக் காட்டுங்க ஐயா. ஓரத்துல வாங்கினவர் பேரும் நம்பரும் பொறிச்சிருக்கும். அப்பா பேர் இருந்தா புத்தகத்துல ஏத்திடறேன்.”

“எங்கப்பா பேருக்கு நான் சொல்றது போதாதா?”

“காட்டுண்ணா, பேரு வரட்டுமே” என்றான் சஞ்சீவி.

வேதகிரி டப்பாவைத் திறந்தார். சுபேதார் வெள்ளிப் பதக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று. கண்ணாடி வளையல் போல வழவழவென்றிருந்தது.

“வருசா வருசம் எங்க மாமனார் திதிக்குப் பெரிய மாமாதான் விபூதி போட்டுத் தேய்ப்பாரு. எங்களைத் தொடவே விடமாட்டாரு” என்றாள் தனகோடி, பெருமையாக.

சுபேதார் பதக்கத்தின் முகப்பைத் திருப்பிப் பார்த்தார். “ராசா தாடியில ஒவ்வொரு முடியும் அப்படியே இருக்குதே, ஐயா?”

வேதகிரி பதக்கத்தை வாங்கி உள்ளே வைத்து மூடியை அழுத்தினார்.

“காப்பி ஆறுது. குடிங்க.”

வேதகிரி அரம் வைத்து ஓரத்தை ராவிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது சுத்தப் பொய். அந்த வீட்டில் அரமே கிடையாது. வெறும் விபூதிதான், நாற்பத்தொரு வருடம்.