நூறு சார்ஜ்

“சட்டுனு கையெழுத்தைப் போட்டுக் குடுங்க சார். கூரியர்காரர் வாசல்ல நின்னு ரெண்டு கொட்டாவி விட்டுட்டார்” என்றார் ஸ்டோர்கீப்பர்.

ஆய்வகத் தலைவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மறுபடியும் படித்தார். ‘திரவத்துக்குப் பதிலாக பாலிமர் படலம் வைத்துச் செய்த எந்த பேட்டரியும் நூறு சார்ஜ் தாங்கவில்லை. ஆய்வைக் கைவிடலாம்.’ எட்டு வருட உழைப்புக்கு இரண்டே வரியில் சமாதி.

“தன்னோடது இருநூறு தாண்டிருச்சுன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சே சார்?”

“மீட்டர் கோளாறு.”

சொல்லிவிட்டாரே தவிர, பேனா நகரவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் இதே மேஜை எதிரில்தான் அவள் நின்றாள். அன்றைக்கும் லேட். அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

“ஒன்பதரைன்னா உனக்குப் பத்தேகால். உன் கணக்கை நான் எப்படிம்மா நம்பறது?”

“அந்தக் கடிகாரத்தை நம்புவீங்களா சார்?”

“அது பொய் சொல்லாது.”

அந்த வாரக் கடைசியில் ராஜினாமா கொடுத்தாள். இப்போது எங்கேயோ டியூஷன் எடுக்கிறாளாம். ஒரே ஒரு தடவை திரும்பச் சோதித்துப் பார்த்திருக்கலாம். குறைந்தபட்சம், நாலு பேர் எதிரில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கடிகாரத்தில் மணி நாலு. பெருமூச்சு விட்டபடி கையெழுத்திட்டார். சற்று நேரத்தில் வாசலில் பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

ஆய்வகத்தைக் காலி செய்யத் தொடங்கிய ஸ்டோர்கீப்பர், கடிகாரத்துக்கு அடியில் ஸ்டூலைப் போட்டு ஏறினார். “இதையும் கழட்டிடறேன் சார். பாவம், ஒரு நாள் நின்னதில்ல. நீங்க மறக்காம செல் மாத்தினதாலதான்.”

“நானா? நீங்கதானேய்யா மாத்தறீங்க?”

“நான் தூசி தட்டினதோட சரி.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் கடிகாரத்தைக் கையில் வாங்கினார். அதன் மேல் விளிம்பில், கால்குலேட்டரில் இருக்குமே, அது போல ஒரு சின்ன சோலார் பட்டை. அதிலிருந்து முடி போன்ற ஒயர் ஒன்று பின்பக்கம் இறங்கியது. செல் இருக்க வேண்டிய இடத்தில், கையால் ஒட்டிய தட்டையான பேட்டரி. பகலில் ஏறி, இரவில் ஓடி, தினம் ஒரு சார்ஜாக ஆறு வருடம்.

அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அவளுடைய கோணல் எழுத்து: ‘உள்ளே இருப்பது என் படலம். இதுவும் பொய் சொல்லாது சார்.’