மருந்தைத் தள்ளும் சத்தம்

“சூடும் இல்லை, குத்தவும் இல்லை, சத்தம்கூட வரலை. இப்படிச் சும்மா தேய்க்கவா ரொட்டி தட்டி வித்து உன்னைப் படிக்க வெச்சேன்?” என்றாள் கங்கவ்வா.

ஹூப்ளியில் மகள் பவித்ரா புதிதாகத் திறந்திருந்த பிசியோதெரபி கிளினிக் அது. தாயின் தோளில் மருந்து ஜெல்லைத் தடவி, அதன்மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்தச் சத்தம் நமக்குக் கேட்காது அவ்வா. ஆனா அதுதான் மருந்தைத் தோலுக்குள்ள தள்ளும்.”

“யாருக்குடி காது குத்தறே? ருத்ரய்யா சாமியோட எண்ணெய் மெஷினே இல்லாம எலும்பு வரைக்கும் இறங்கும். டிவியில தினம் சொல்றாரு. நாளையிலேருந்து நான் வரமாட்டேன்.”

“அப்போ கையைத் தூக்க முடியாமலே கிட!” பவித்ராவுக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

“அக்கா, அந்த எண்ணெயை நம்பாதீங்க. அது தோலோட நின்னுடும். இங்கே வந்த பிறகுதான் எனக்கு முட்டியே மடங்குது.”

“சாமி எண்ணெயைப் பத்தி நீ என்னத்தக் கண்டே?” என்று எழுந்துபோய்த் திரையை இழுத்தாள் கங்கவ்வா.

“ருத்ரய்யா சாமி! நீங்களா?”

“மெதுவா பேசுங்க அக்கா, வெளியில ஆளுங்க இருக்காங்க” என்று கும்பிட்டார் அவர்.

இனி அந்த எண்ணெயைத் தலைமுழுகிவிடுவாள் என்று பவித்ரா நிம்மதியானாள். கங்கவ்வா பரவசத்தோடு திரும்பிவந்து உட்கார்ந்தாள்.

“சாமியே வர்ற இடம்னு முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்னடி? இந்தா, இந்தத் தோளுக்கும் வை!”