சமாதான விழா

“என் மொத வேலையக் கெடுக்கணும்னே ஓட்டைப் பெட்டியத் தூக்கிக் குடுத்துட்டீங்களேண்ணே! இது துரோகம் இல்லையா?”

வீரையா போட்ட சத்தத்தில் முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்பிளிபயர் மறுபடியும் உயிரை விட்டிருந்தது. மைக் செட் வாடகைக்குக் கொடுக்கும் பந்தலூர் ஜஸ்டஸ் மேடைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒயரின் நுனியைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தார்.

காலையில் தேயிலை எஸ்டேட் ஆட்கள் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களம் அது. அன்று அங்கே பந்தல், தோரணம், கூடலூரிலிருந்து வந்த மடக்கு நாற்காலிகள் எல்லாம் வீரையாவின் ஏற்பாடு. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல் கொழுந்து மூட்டை சுமந்தவன் அவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜஸ்டஸோடு கல்யாணம், காதுகுத்து என்று அலைந்து தொழில் பழகியிருந்தான்.

முதல்முறையாக ஒரு விழா முழுவதும் அவன் பொறுப்பில் வந்திருந்தது. இது நன்றாக நடந்துவிட்டால் மூட்டைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பந்தலூர் பஜாரில் சொந்தமாகப் போர்டு மாட்டிவிடுவது என்று இருந்தான்.

விழாவும் லேசுப்பட்டதல்ல. முதலாளி பாக்டரி மெஷின்களைக் கழற்றி வைத்து, வேறு எஸ்டேட்டுக்குக் கொண்டுபோக லாரிகளை அனுப்பியிருந்தார். பெண்கள் பாக்டரி வாசலில் உட்கார்ந்து லாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து முறை வைத்து வாசலில் காவல். மெஷின் போனால் வேலை போகும், வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். ஒரு தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு, அடுத்துப் போக ஊர் கிடையாது.

இப்போது முதலாளி மனம் மாறிவிட்டாராம். மெஷின்களைத் திரும்பப் பூட்டி ஓட்டுவதாக அவரே மேடையேறிச் சொல்லப்போகிறாராம். அதற்காகத்தான் இந்தச் சமாதான விழா என்று அறிவித்தவர் ஹெட்கிளார்க் அண்ணாதுரை. வீரையாவைக் கூப்பிட்டுப் பொறுப்பை ஒப்படைத்தவரும் அவர்தான்.

ஜஸ்டஸ் வாயிலிருந்த ஒயர் துணுக்கைத் துப்பினார். “எஸ்டேட்டு விசேஷம்னா எப்பவும் என்னையத்தான்டா கூப்பிடுவாங்க. இந்த ஒண்ணை மட்டும் ஒன் கையில ஏன் குடுத்தாங்கன்னு யோசிச்சியா?”

“ஒங்களுக்கு வயித்தெரிச்சல்ண்ணே. வேற என்னா?”

“சரிங்க மொதலாளி. ஒயர் முறுக்கணும், அந்தக் கொறட்டை எடுத்துக் குடுங்க.”

அண்ணாதுரை வேகமாக வந்தார். “ஏங்கண்ணு, பாட்டைக் காணோம்? சத்தம் நின்னா கூட்டம் கலைஞ்சு போயிருமில்ல?” அவர் கண் பின்வரிசைக்குப் போனது. “அங்கெதுக்கு அத்தன நாற்காலி சும்மா கெடக்குது? மொதலாளி வந்து பாத்தா உன்னையத்தான கேப்பாருங்க?”

யார் வரவில்லை என்று வீரையாவுக்குத் தெரியும். செருப்புக்கூடப் போடாமல் இறக்கத்தில் ஓடினான்.

வளைவுக்குக் கீழே, பாக்டரி வாசலில் அவன் அம்மா சின்னம்மையும் இன்னும் சில பெண்களும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நாங்க இங்கினயே இருந்துக்கிறோம்யா. மைக்குலதான் எல்லாம் கேக்குமே” என்றாள் சின்னம்மை.

“நாற்காலி காலியாக் கெடந்தா நாளைக்கு எவம்மா என்னையக் கூப்பிடுவான்?”

“வாசல்ல நாலு பேராவது வேணாமா?”

“சமாதானம்னு தோரணம் கட்டியிருக்கேன். நீங்க இன்னமும் காவலுக்குக் குந்தியிருந்தா வர்ற மொதலாளிக்கு அவமானமா இருக்காதா? பெத்த நீயே வரலைன்னா நான் ஆருக்கு இதெல்லாம் கட்டுனேன்?”

பக்கத்திலிருந்த ஆண்டாயி சிரித்தாள். “எந்திரி சின்னம்மை. மகன் அழுதுருவான் போல. பொண்ணு கேக்கப் போனாக்கூட இம்புட்டுக் கெஞ்ச மாட்டான்.”

சின்னம்மை பாக்டரி கேட்டை ஒருமுறை பார்த்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

அவர்களை அவனே கூட்டிவந்து உட்கார வைத்தான். களத்தில் ஒரு நாற்காலி காலியில்லை. அந்த நேரம் பார்த்து ஆம்பிளிபயரும் உயிர் பெற்றது. பாட்டு எதிர்மலையில் மோதித் திரும்பியது.

“இப்பத் திட்டுடா” என்றார் ஜஸ்டஸ்.

“மன்னிச்சுக்கங்கண்ணே” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான் வீரையா.

“இன்னுங் கொஞ்சம் கூட்டி வை கண்ணு” என்றார் அண்ணாதுரை. வீரையா கூட்டி வைத்தான். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டியிருந்தது. டீயும் வடையும் சுற்றி வந்தன. ஒரு பாட்டு முடியும் முன் அடுத்த ரெக்கார்டு தயாராக இருந்தது. பெண்கள் கழுத்தை நீட்டி ரோட்டைப் பார்த்தார்கள். முதலாளியின் காரைக் காணவில்லை. மஞ்சுமூட்டம் இறங்கிப் பந்தலுக்குள் நுழைந்தது.

மேடைக்குப் பின்னால் ஜீப் நகர்வதைக் கண்டு வீரையா மாலைத் தட்டோடு ஓடினான். முன்சீட்டில் அண்ணாதுரை இருந்தார்.

“சார், மொதலாளி வந்துட்டாருங்களா? மாலைய எடுத்துக்கிட்டு மேடைக்குப் போகவா?”

அண்ணாதுரை நிறைந்திருந்த நாற்காலிகளை நிதானமாகப் பார்த்தார். கையை வெளியே நீட்டி அவன் தோளில் தட்டினார்.

“போதுங்கண்ணு, பாட்டை நிறுத்திக்க. லாரியெல்லாம் மெஷினோட மலையெறங்கீருச்சு.”