பட்டறையில் இறங்காத கல்

அலிஃப் வளைந்துவிட்டது.

டீ வைக்க வந்தவள் பார்த்துவிட்டேன். கம்பி மாதிரி நிற்க வேண்டிய அரபி எழுத்து இடுப்பு ஒடிந்து நின்றது. என் வீட்டுக்காரர், தெருவுக்கு ஹபீப் பாய், பேனாவைத் தூக்கியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சட்டென்று ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"இன்னா காசிநாதா! கல்ல மெதுவா எறக்க மாட்டியா? வூடே ஆடுது, பாய் எழுத்து கோணிக்கினு போவுது!"

மதிலுக்கு அந்தப் பக்கம் காசிநாதனின் கல்பட்டறை. மாமல்லபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு இப்படி ஒரு பட்டறைதான் அண்டை. லாரியில் கல் வந்தால் தரை அதிரத்தான் செய்யும்.

ஆனால் அலிஃபை வளைத்தது கல் இல்லை. சர்க்கரைக்குக் காட்ட இவரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனபோது, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கை நடுக்கம் ஆரம்பித்துவிட்டது, இனி கூடத்தான் செய்யும்.

இதை இந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

இவர் பார்த்து எழுதுகிற கிதாபு, அந்தப் பழைய புத்தகம், என் அத்தா வீட்டுப் பெட்டியில் கிடந்தது. எந்தெந்த வருஷம் எந்தெந்த ஊரில் பூமி ஆடியது என்று, என்றைக்கோ வாழ்ந்த ஓர் ஆலிம் அரபியில் எழுதிவைத்தது. பூச்சி அரித்து, தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது. அத்தா நினைவாக இது ஒன்றுதானே இருந்தது என்று ஒருநாள் அழுதுவிட்டேன். மறுநாளே இவர் மை வாங்கி வந்து, பார்த்துப் பார்த்து நகல் எழுத உட்கார்ந்துவிட்டார்.

போனில் படம் எடுத்தால் போதாதா என்றேன்.

"பூச்சி தின்ன எடத்த போன் படிக்குமா?" என்றார்.

பிடிவாதத்தில் குறைச்சல் இல்லை. மதரசாவில் ஓதிக்கொடுத்த காலத்திலிருந்தே இவருக்கு ஒரு சட்டம் உண்டு. கை ஆடினால் பேனாவை வைத்துவிட வேண்டும். அரபியில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஊர்ப் பெயரே மாறி, பூகம்பம் பக்கத்து ஊருக்குப் போய்விடுமாம்.

அதனால்தான் காசிநாதனிடம் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவன் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் எப்போது கத்தினாலும், கல் வந்ததோ இல்லையோ, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மன்னிப்பு வந்துவிடும். கிதாபு முடியும்வரை இது ஓடினால் போதும் என்று துவா கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று பதில் வரவில்லை.

இன்னொரு தடவை கத்தினேன். உளிச் சத்தம்கூட இல்லை.

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். எழுதும் தாள் பறக்காமலிருக்க இவர் அதன் மேல் ஒரு சாவிக்கொத்தை வைத்திருந்தார். பட்டறைச் சாவி. படாளத்தில் காதுகுத்து என்று காசிநாதன் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. காலையில் நான் மீன் வாங்கப் போன நேரத்தில் பூட்டி, சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை. அது இவருக்குத் தெரியும்.

பேனாவை வைத்துவிடுவார், அத்தோடு சரி என்று நினைத்தேன். இவர் முகத்தைப் பார்க்கப் பயந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதுகுக்குப் பின்னால், அச்சு அசலாகக் காசிநாதன் குரலில் பதில் வந்தது.

"பெரிய கல்லு அக்கா, டொம்முன்னு உக்காந்துடுச்சு. இனிமே பாத்து எறக்குறோம்."

திரும்பினேன். இவர் தலையைத் தூக்கவில்லை. அந்த வரிக்கு இன்னும் புள்ளி வைக்கவில்லை. பேனாவில் மை தொட்டுக்கொண்டு, வலது மணிக்கட்டை நான் பிடித்துக்கொள்ள வாகாக என் பக்கம் நகர்த்தி வைத்துக் காத்திருந்தார்.