சிவப்பு ஆயில்

கியர்பாக்ஸின் அடிச்சட்டியில் கடைசி போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் கறுப்பாக இறங்கியது.

சிவப்பாக இருக்க வேண்டியது.

கருகிய வாடை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சட்டியின் அடியிலிருந்த காந்தத்தில் இரும்புத்தூள் மயிர்போல ஒட்டியிருந்தது. துணியால் வழித்தான்.

இந்தப் பிக்கப் ஐந்து நாட்களுக்கு முன் பாலைவனத்தின் நடுவே நின்றுபோனது. பின்னால் ஜெனரேட்டர் ஏற்றிய டிரெய்லர். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. போனில் சிக்னல் இல்லை. ஓட்டிப்போன பிச்சைக்கனி தார்ச்சாலையைத் தேடி நடந்திருக்கிறான். பதினோரு கிலோமீட்டர்.

மறுநாள்தான் உடலைக் கண்டெடுத்தார்கள்.

அவனுக்கும் பிச்சைக்கனிக்கும் உடன்குடிப் பக்கம். இங்கே ஓமனில், கம்பெனி விடுதியில் ஒரே அறை. ஒருவன் மெக்கானிக், ஒருவன் டிரைவர். மூன்று வருடம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குச் சூடுதான் எமன் என்று பிச்சைக்கனிக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். மீட்டர் நூற்றிருபதைத் தாண்டினால் ஓரங்கட்டு. நியூட்ரலில் போடு. இஞ்சினை அணைக்காதே, ஆயில் சுற்றினால்தான் ஆறும். தொண்ணூறுக்கு வந்த பிறகு வண்டியை எடு.

ஆயில் கெட்டுவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று வேலைச்சீட்டில் எழுதிக் கொடுத்ததும் அவன்தான். இரண்டு முறை.

மேலாளர் கோகுல்நாத் இரண்டு முறையும் அதை அடித்துவிட்டார். வண்டியை ஒருநாள்கூட நிறுத்த முடியாதாம்.

இன்று காலை அவரே பட்டறைக்கு வந்தார்.

"அந்த ஆயிலை மாத்திடுங்க. மூணு மணிக்கு விசாரணைக்கு ஆள் வராங்க. சீட்டுல போன மாசத் தேதி போட்டுருங்க."



அவர் ஒரு தாளை எடுத்து வேலைமேசையில் வைத்தார். அவனுடைய விடுப்பு விண்ணப்பம். மூன்று வருடத்துக்குப் பிறகு ஊரில் நாற்பது நாள். மேலாளர் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

அவர் போய்விட்டார். தாளையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

புது வடிகட்டி மாட்டினான். புது பேக்கிங் வைத்துச் சட்டியை ஏற்றி முடுக்கினான். புனல் வைத்துச் சிவப்பு ஆயிலை ஊற்றினான். இஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, அளவுக்கம்பியை உருவிப் பார்த்தான்.

பழுப்பு.

சட்டியைக் கழற்றினால் பாதி ஆயில்தான் இறங்கும். மீதி உள்ளேயே தங்கிப் புதியதையும் கெடுக்கும்.

மறுபடி இறக்கினான். மறுபடி ஊற்றினான்.

மூன்றாவது முறை சிவப்பாக வந்தது.

இவ்வளவு சுத்தமாக அவன் எந்த வண்டிக்கும் செய்ததில்லை.

பிறகு உட்கார்ந்து சீட்டு எழுதினான். தன் கையெழுத்தில். போன மாதத் தேதியில்.

வந்த அதிகாரி கம்பியை உருவி ஒரு வெள்ளைத் தாளில் துடைத்தார். தாளைப் படம் எடுத்தார். வேலைச்சீட்டையும் படம் எடுத்தார். கியர்பாக்ஸைத் திறக்கச் சொல்லவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் எழுதிய முடிவு: பராமரிப்பில் குறையில்லை. சூடேறிய பிறகும் நிறுத்தாமல் ஓட்டியது டிரைவரின் தவறு.

ஐந்து மணிக்கு அவன் விண்ணப்பம் கையெழுத்தாகி வந்தது.

உடல் ஊருக்குப் போன மறுவாரம், பிச்சைக்கனியின் மனைவி சந்தனமாரி போன் செய்தாள்.

"அண்ணே, வண்டியில ஒரு குறையும் இல்லன்னு கம்பெனியில சொல்லுதாவ. நீங்கதான அந்த வண்டியப் பாத்துக்கிட்டிய. நெசமாண்ணே?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா நம்புதேன்."

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சும்மா."

அந்தப் பக்கம் யாரோ குடத்தைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

"அப்ப அவியதான் நிறுத்தாம ஓட்டிட்டாவ" என்றாள். "எதுலயும் ஒரு அவசரம்ணே அவியளுக்கு. நானும் படிச்சுப் படிச்சுச் சொல்லுவேன்."

அவள் குரலில் இப்போது கோபம் இருந்தது. செத்தவன் மேல்.

"ஊருக்கு வரும்போது அவிய பெட்டியக் கொண்டாந்துருங்கண்ணே. வேற ஆருகிட்ட நான் கேக்க?"

"கொண்டாரேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அறையில் வேறு யாரும் இல்லை. எதிர்க்கட்டிலின் அடியிலிருந்து பெட்டியை இழுத்தான். சட்டைகளை மடித்து வைத்தான். பிச்சைக்கனி மகளுக்கு வாங்கியிருந்த வண்ணப் பென்சில் டப்பாவை நசுங்காமல் நடுவில் வைத்தான்.

வண்டியில் கிடந்த சாமான்களை ஒரு பையில் போட்டிருந்தான். சீப்பு. கறுப்புக் கண்ணாடி. வெயில் மறைப்பில் செருகியிருந்த ஒரு சின்ன நோட்டு. ஆயில் இறக்குவதற்கு முன் எடுத்துப் போட்டதோடு சரி, திறந்து பார்க்கவில்லை.

இப்போது திறந்தான்.

பிச்சைக்கனியின் கோணல் எழுத்து. கடைசிப் பக்கத்தில் அந்த நாளின் தேதி.

9.50. சூடு 123. நிறுத்திட்டேன். 35 நிமிசம்.

11.05. சூடு 126. நிறுத்திட்டேன். 50 நிமிசம்.

12.40. சூடு 131. நிறுத்திட்டேன். எறங்க மாட்டேங்கு.

1.45. கியர் பிடிக்கல. நடக்கேன்.

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

சீப்பைப் பெட்டியில் வைத்தான். கண்ணாடியை வைத்தான்.

மூடிப் பூட்டினான்.

நோட்டு அவன் கையில் இருந்தது.